இருபத்தொரு மணி நேரம்

மான்டெவிடியோவின் வடக்கு ஓரம்,
பேருந்து வட்டமடித்துத் திரும்பும் இடத்துக்கும் அப்பால்,
குதிரைகள் மேய்ந்துகிடந்த ஈரநிலத்தில்
முப்பத்திரண்டு வீடுகள் கட்டினோம்.
எது எவருடையது என்று எவருக்கும் தெரியாது.
விதி அப்படி:
கடைசிக் கூரையும் காய்ந்த பிறகே சீட்டு எடுப்பது.
அதுவரை ஒவ்வொரு செங்கல்லும் எல்லோருக்கும் சொந்தம்.
ஜூலைக் குளிரில் சாந்து விரலிடுக்கில் விறைக்கும்போது
எல்லோருக்கும் என்றால் யாருக்கும் இல்லை
என்றுதான் தோன்றும்.

குடும்பத்துக்கு வாரம் இருபத்தொரு மணி நேர உழைப்பு.
கூலி இல்லை, விலக்கும் இல்லை.
நெல்பா நோட்டில் எழுதுவாள், பேனாவால்.
அழிக்கிற பேச்சே அவளிடம் கிடையாது.

மெத்தை விற்கும் டார்டோ
மணலுக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்தான்.
மூன்றாம் மாதம், தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான்,
தன் மூச்சில் அது ஆடிவிடுமோ என்று.
சனிக்கிழமைகளில் கட்டடக்கலை மாணவர்கள் வந்தார்கள்.
வில்மார் என்றொருவன், சல்லிக்காசு வாங்காமல்,
ரசமட்டம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தான்.
குமிழி நடுவில் நின்றால் மதியச் சாப்பாடு இறங்கும் என்பான்.
காலையில் அவன் காலணியைப் பார்த்துச் சிரித்தோம்.
மாலையில் எது அவனுடையது என்று தெரியவில்லை.

எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை.
ஏப்ரலில் இரட்டை ஷிப்ட். நாலு மணி நேரம் விட்டுப்போனது.
கூட்டத்தில் சுல்மா எழுந்தாள்:
"எனக்கும்தான் முதுகு இருக்கிறது."
கை தூக்கினார்கள். எண்ணினார்கள்.
என் பக்கம் ஏழு கை.

ஞாயிறு இரவு கடன் கழிக்கப் போனேன்.
பதினேழாம் எண், குளியலறை, ஒற்றை பல்பு.
கடைசி டைலுக்குச் சாந்து போதவில்லை.
கலவை இயந்திரத்தைக் கழுவி வைத்தாயிற்று.
நாலு மூலையிலும் பொட்டு வைத்த மாதிரி தடவி
அழுத்திவிட்டேன்.
ரசமட்டம் சரி என்றது, குமிழி நட்டநடுவில்.
விரலால் தட்டினேன்.
உள்ளே பொக்கு.
மறுநாள் நெல்பா நாலு மணி வரவு வைத்தாள்.

பிறகு பதினோரு மாதம்
அந்தச் சத்தம் என்னோடு பேருந்தில் வந்தது.
எனக்கே அந்த வீடு விழட்டும் என்று ஒரு நாள் நினைப்பேன்.
சுல்மாவுக்கு விழட்டும் என்று இரண்டு நாள்.

மஞ்சள் ஹெல்மெட்டில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம்.
பதினேழு, டார்டோவுக்கு.
தோளில் ஒரு மகள், இடுப்பில் ஒரு மகள்,
துடைக்கக் கையில்லாமல் அழுதான் மெத்தைக்காரன்.
எனக்குப் பதினெட்டு. இரண்டுக்கும் ஒரே சுவர்.

முதல் ஞாயிறு, அரை வாளிச் சாந்தோடு போய்ச் சொன்னேன்.
அவன் திட்டவில்லை.
மாத்தேயில் வெந்நீர் ஊற்றி என்னிடம் நீட்டினான்.
கசப்பை நான் உறிஞ்சி முடிப்பதற்குள்
கரண்டிக் காம்பால் டைல் டைலாகத் தட்டிக்கொண்டே போனான்.
பொக்கு ஒன்றல்ல. ஐந்து.
"இவ்வளவும் நீயா?"
"ஒன்றுதான்."
இருவரும் தலையைச் சொறிந்தோம்.

வாசலில் சுல்மா, கையில் சுத்தியல்.
தெருவில் என் வாளியைப் பார்த்தே பின்னால் வந்திருக்கிறாள்.
"இரண்டு என்னுடையது," என்றாள்
எங்களைப் பார்க்காமல். "அன்றைக்குக் காய்ச்சல்."

மூன்றைப் பெயர்த்துத் திரும்பப் பதித்தோம்.
நெல்பா நோட்டோடு வந்துவிட்டாள்.
கணக்கெல்லாம் மூடியாயிற்றே என்றால் காதில் விழவில்லை,
ஆளுக்கு இரண்டு மணி எழுதினாள்.

மீதி இரண்டு?
அந்தப் பக்கமும் நோட்டில் இருக்கும். புரட்டினால் தெரியும்.
யாரும் கேட்கவில்லை.
சாந்தும் தீர்ந்திருந்தது.

இப்போது இரவு எட்டு மணிக்கு
டார்டோவின் சின்ன மகள் குளிக்கப் போகிறாள்.
இரண்டையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.
நல்ல டைலில் ஒரு தட்டு, பொக்கில் இரண்டு,
நல்லதில் ஒன்று, பொக்கில் இரண்டு.
சுவருக்கு இந்தப் பக்கம் உருளைக்கிழங்கு சீவுகிறேன்.
அவள் ஒரு தட்டைத் தவறவிட்டால்
என் கத்தி நின்றுவிடுகிறது.